போடாத பக்கம்

போன கிழமை முரசுமோட்டைக்குப் போய் வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. உங்களிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவது?

விஷயம் இதுதான். கந்தையாவின் வயல் தெருவோரம் இருக்கிறது. விவசாயப் போதனாசிரியர் அதை நடு வரம்பால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் செயற்கைப் பசளை போடச் சொன்னார். மற்றப் பாதிக்கு ஒன்றும் போடக்கூடாது. பலகையும் நட்டாயிற்று — 'பசளை போட்டது', 'போடாதது'. நெல் வெட்டுக்கு முன் ஊர்க் கமக்காரர் எல்லோரும் வந்து பார்த்து முடிவெடுப்பதாக ஏற்பாடு.

நான் பள்ளிக்கூட மாஸ்டர் என்றாலும், எனக்கும் பரந்தனில் நாலு ஏக்கர் உண்டு. வீட்டின் வருஷச் சோறு அந்த நெல்தான். இந்தப் பசளை விளைச்சலைக் கூட்டுமா, மண்ணைக் கெடுக்குமா? கந்தையாவின் வயல் சொல்லும் என்று ஒரு போகம் முழுக்கக் காத்திருந்தேன்.

போய்ப் பார்த்தால்... இரண்டு பாதியிலும் ஒரே செழிப்பு!

கந்தையாவின் மனைவி அன்னம்மா சிரித்துக்கொண்டு வந்தார். "நான்தான் மாஸ்டர், மிஞ்சின பசளையை அந்தப் பக்கமும் எறிஞ்சனான். தெருவால போற சனமெல்லாம் பயிருக்கு என்ன நோயெண்டு கேக்குது. ரெண்டு பிள்ளையள் எண்டால் ஒண்டுக்கு மட்டும் சோறு போடுவியளே?"

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிள்ளையாம்! அந்தப் பாதியைச் சும்மா விட்டால்தானே தாயே, பசளை என்ன செய்தது என்று தெரியும்?

போதனாசிரியர் என்னை ஒரு பக்கம் இழுத்துப் போனார். "மாஸ்டர், சொல்லிப்போடாதேங்கோ. எங்கட திணைக்களப் பெரியவர் வாற நேரம். நெல்லு விளைஞ்சிருக்குத்தானே... பலகை அப்பிடியே நிக்கட்டும்."

பெரியவர் ஜீப்பில் வந்து இறங்கினார். 'போடாதது' பலகையைப் பார்த்தார். "அடடா! இந்த மண்ணுக்குப் பசளையே தேவையில்லை!" என்றார். சுற்றி நின்ற கமக்காரர்கள் தலையாட்டினார்கள். போதனாசிரியர் குனிந்து தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

இதை நம்பி இத்தனை பேரும் அடுத்த போகம் விதைக்கப் போகிறார்களே! பொறுக்க முடியவில்லை.

"ஐயா, அந்தப் பக்கமும் போட்டாச்சு" என்று போட்டுடைத்தேன். அன்னம்மா என்னை முறைத்தார்.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அப்ப, பசளை நல்லதெண்டு நிரூபணமாச்சு!"

மறுபடியும் தலையாட்டல்!

ஐயோ, என்ன நிரூபணம்? இந்த முறை மழையும் நேரத்துக்குப் பெய்தது, குளமும் நிறைந்தது. விளைந்தது எதனால் என்று யாருக்குத் தெரியும்? பலகை பொய் சொன்னபோதும் ஒரு முடிவு, பொய் வெளிப்பட்டபோதும் ஒரு முடிவு... 'தெரியாது' என்ற ஒரு சொல் மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கக் கண்ணாடிக் குழாய் கேட்டு நச்சரிக்கிறோம். ஊர் என்ன கதைத்தாலும் போடாத பாதியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் படித்தாலே பாதி விஞ்ஞானம் வந்துவிடும்.

அடுத்த காலபோக விதைப்பில் என் வயலிலேயே செய்து பார்க்கப் போகிறேன். இன்னும் வரம்புகூடக் கட்டவில்லை. அதற்குள் என் மனைவி கேட்கிறார் — "இஞ்சேருங்கோ, அந்தப் பாதி என்ன பாவம் செய்தது?"