அறுபத்திரண்டாவது வாக்கியம்

ஒருத்தரைத் திட்டி எழுதிய நோட்டை அவர் மேஜைமேலேயே மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போன முட்டாளை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அது நான்தான்.

அப்போது உத்திரமேரூரில் பம்புசெட் உதிரி சாமான் கடையில் வேலை. முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். ஆறு வருஷமாக வாஷர், புஷ், பேரிங் என்று எடுத்துக் கொடுத்து, சோறு தின்றாலும் கிரீஸ் வாசனை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை காலி, ஆனால் இன்டர்வியூ இங்கிலீஷில் என்றார்கள். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். ஆங்கில மரபுத்தொடர், அதற்கு அர்த்தம், கீழே ஓர் உதாரண வாக்கியம்.

உதாரணங்களில் ஜானும் மேரியும் பனியில் சறுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. 'தெரிந்தவர்களை வைத்துச் சொந்தமாக எழுதினால் மறக்காது' என்று முன்னுரையில் போட்டிருந்தது. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை நான் பார்த்த ஒரே முகம் பாயுடையது. வேறு யாரை வைத்து எழுத? மத்தியானம் அவர் தொழுகைக்குப் போனதும், கண் சொருகச் சொருக, ஒரு நோட்டில் தினம் மூன்று வாக்கியம், நம்பர் போட்டு எழுதினேன். எல்லாம் 'என் முதலாளி' என்றே தொடங்கும்.

சிக்கல் என்னவென்றால், இங்கிலீஷ்காரன் மரபுத்தொடரில் பாதிக்கு ஒரு கெட்டவன் வேண்டும். அறுபத்திரண்டாவது, ஒருவரை அலட்சியமாக ஒதுக்குவதைப் பற்றியது. 'எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது என் முதலாளி என்னைக் கண்டுகொள்ளவில்லை' என்று எழுதினேன். உண்மையில் மனுஷன் கடையைச் சாத்திவிட்டு, ரெண்டு பஸ் மாறி, இளநீரோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றவர். ஆனால் வாக்கியம் முடிய வேண்டுமே. எனக்கும் தூக்கம் வந்தது.

அனுபவச் சான்று இல்லாமல் இன்டர்வியூவுக்கு வராதே என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் தயங்கி, ஒரு சாயங்காலம் பாயிடம் கேட்டே விட்டேன்.

"வேற எடத்துக்குப் போறியா?"

"ஆமா பாய்."

"காலையில வா, பார்க்கலாம்" என்றார். அந்தக் குழப்பத்தில் கிளம்பியவன், பஸ்ஸில் ஒற்றைக் காலில் தொங்கும்போதுதான் கை காலியாக இருப்பதைக் கவனித்தேன். நோட்டு மேஜைமேல். நல்லவேளை, பாய்க்கு டப்பாமேல் எழுதியிருக்கும் இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அசதியில் மனுஷன் எதையும் நம்புவான்.

காலையில் நோட்டுமேல் ஒரு பெரிய பேரிங் உட்கார்ந்திருந்தது, பறக்காமலிருக்க.

"இன்னாபா இது?"

"இங்கிலீஷ் படிச்சிக்கினு கீறேன் பாய்."

"எங்க, ஒண்ணு படி."

பிரித்தால் பதினேழாவது வாக்கியம். 'என் முதலாளி வைக்கோல்போர் நாய். தானும் ஃபேன் போட்டுக்கொள்ளமாட்டார், என்னையும் போட விடமாட்டார்.' இங்கிலீஷில் வாசித்தேன்.

"அர்த்தம்?"

"முதலாளி... பொருளுக்கு நல்லா காவலா இருப்பாருன்னு பாய்."

"அப்டியா. இன்னொண்ணு."

நாற்பது. ஒரு நட்டு காணாமல் போனதை மலையாக்கி, என்னை அரை நாள் தேடவிட்டது.

"சின்ன சாமானையும் பெருசா மதிப்பாருன்னு."

"நல்லாக் கீதே" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கோ முதுகெல்லாம் வேர்வை. ஃபேனைப் போடச் சொல்ல அன்றைக்குத் தைரியம் இல்லை.

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். பிரித்தேன். கடை லெட்டர்பேடில், நீல மையில், அச்சுக் கோத்த மாதிரி சாய்ந்த இங்கிலீஷ் எழுத்து. அவரே எழுதியது. இரண்டு வார்த்தைக்கு நான் என் புத்தகத்தைப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆறு வருஷம் வேலை பார்த்தார், நேர்மையானவர், எந்தச் சாமான் எங்கே என்று இருட்டிலும் சொல்வார். கடைசி வரி: எதையும் கூர்ந்து கவனிப்பார், கவனித்ததை உடனே எழுதி வைப்பார்.

கடிதத்தை மடிக்காமலே கேட்டேன். "பாய், நோட்டு பூரா படிச்சிட்டீங்களா?"

புஷ்களை அளவு பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"அறுபத்திரெண்டு மட்டும் பொய்யிபா."