தலைவர் முகமும் அக்காவின் சாய்தளமும்

நான் குடியிருக்கும் டென்மார்க் சிற்றூரின் மேயர், சூப்பர் மார்க்கெட் வரிசையில் பால் டப்பாவோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கொடி கட்டிய கார் இல்லை, கூட ஆள் இல்லை, கழுத்தில் மாலையும் இல்லை. தாம்பரத்தில் வளர்ந்த என் உடம்பு, யாரும் சொல்லாமலே ஒதுங்கி வழிவிட்டது. அவரோ என் கூடையை எட்டிப் பார்த்து, "எதையாவது எடுக்க மறந்துவிட்டீர்களா? போய் வாருங்கள், உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். செய்தது மரியாதை என்று டேனிஷில் விளக்கத் தெரியாமல், தேவையே இல்லாத உருளைக்கிழங்கை அள்ளிக்கொண்டு திரும்பினேன். மாலையில் ஷமீம் அக்காவிடம் போனில் சொன்னேன். "ஐயோ பாவம், பால் வாங்கக்கூட அந்தாளுக்கு ஆள் கிடையாதா?" என்றாள்.

அக்கா மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறாள். சிறுவயதில் வந்த போலியோவால் இரண்டு ஊன்றுகோல்களோடு நடப்பவள். அவளுடைய கருத்துகளுக்கு மட்டும் எந்த ஊன்றுகோலும் தேவைப்பட்டதில்லை. "சீரியல்ல விஷம் வைக்கிற மாமியார்கூட குளிச்சிட்டு வந்துதான் வைக்கிறா. அரசியல்ல அந்த ஒழுக்கம்கூட இல்லை" என்பாள். அப்படிப்பட்டவள், கட்சி ஆரம்பித்துவிட்ட ஒரு நடிகரின் படத்தை மட்டும் முதல் நாளே பார்த்தாக வேண்டும் என்பாள். கேட்டால், "ஓட்டு வேற, விசில் வேற."

போன விடுமுறைக்கு நான் தாம்பரம் போயிருந்தபோது என்னையும் அழைத்துப் போனாள். படத்தில் அவர் ஊழலை ஒழிக்கிறார். தியேட்டர் வாசலில், படிகளை ஒட்டியிருந்த சாய்தளத்தை மறித்துச் சவுக்குக் கம்புகள் நட்டு அவருடைய பேனரைக் கட்டியிருந்தார்கள். "எளியவர்களின் தோழன்" என்று கொட்டை எழுத்து.

"தம்பி, இதைக் கொஞ்சம் நகர்த்துங்க. நான் ஏறணும்" என்றாள் அக்கா.

கட்சித் துண்டு போட்டிருந்தவர் பதறினார். "இன்னாக்கா நீ! இப்பதான் பாலூத்தி முடிச்சோம். அவுத்தா தலைவர் மூஞ்சி மடங்கிடும்."

"அப்ப நான் எப்படி உள்ள போறது?"

"நாங்க எதுக்குக்கா கீறோம்?"

அவள் வேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நாலு பேர் தூக்கினார்கள். இன்னொருவர் போனில் படம் பிடித்தார். "விடுங்கய்யா!" என்று நான் கத்தியது, விசில் சத்தத்தில் வாழ்த்துக் கோஷமாகக் கேட்டிருக்க வேண்டும். இடைவேளைக்குள், "மாற்றுத்திறனாளி சகோதரியைச் சுமந்த தொண்டர்கள்" என்ற வீடியோ ஊரெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஓரத்தில் என் ஒற்றைச் செருப்பும் தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லாம் மனிதநேயத்தை நினைத்துக் கண்கலங்கினார்கள்.

அக்கா இரண்டாம் பாதியைப் பார்க்கவில்லை. திரும்பும் ஆட்டோவில், "முன்னபின்ன தெரியாத ஆம்பளைங்க மேல கை வெச்சுத் தூக்குறாங்கடா. அதுக்கு நான் நன்றி வேற சொல்லணும்" என்றபோது அவள் குரல் உடைந்தது. அதற்கு முன் அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து அவளும் ஒரு வீடியோ போட்டாள். "நான்தான் அந்தச் சகோதரி. என்னைத் தூக்கச் சொல்லலை. பேனரை எடுக்கச் சொன்னேன்."

நடிகரின் ரசிகர்கள் துரோகி என்றார்கள். இன்னொரு கட்சிக்காரர்களோ சால்வையோடு கடைக்கே வந்து, டிவி விவாதத்துக்குக் கூப்பிட்டார்கள். "துணிக்கடைக்கே துணியா? பேனரை எடுத்தாப் போதும்" என்று அனுப்பினாள். நல்லவர்கள், உடனே எடுத்துவிட்டார்கள். மாலையில் போய்ப் பார்த்தால் அதே கம்புகளில் அவர்களுடைய தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, "சகோதரிக்கு நீதி!"

அக்கா கைப்பையிலிருந்து கடைக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வேணாம்க்கா, கேஸ் போடுவாங்க. முதல்ல ஒரு புகார் எழுதிக் குடுப்போம்" என்றேன், டென்மார்க்கில் கற்ற நாகரிகத்தோடு.

"நீ இதைப் பிடி" என்று ஊன்றுகோல்களை என் கையில் திணித்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். வேடிக்கை பார்த்தவர்கள் போனைத் தூக்கினார்கள். கை கொடுக்க யாரும் வரவில்லை. கடைசிக் கயிற்றில் பேனர் சரிய, ஓடிவந்து தாங்கியவர் அந்தத் துண்டுக்காரரேதான். "நவுருக்கா, மேல வுழுந்துடப் போவுது" என்றவர், கம்புகளையும் பிடுங்கிப் போட்டார். "இது அவுங்க ஆளு மூஞ்சிதானே, பரவால்ல." அக்கா ஊன்றுகோல்களை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, சாய்தளத்தில் தானே ஏறி, மேலே போய், டிக்கெட் வாங்கினாள். இரண்டாம் பாதி பாக்கி இருந்ததல்லவா?

டென்மார்க் திரும்பும் நாளில் விடைபெறக் கடைக்குப் போனேன். அங்கே துண்டுக்காரர் ஆதரவு கேட்டு வந்திருந்தார். "சாருக்கு ஓட்டு இங்கதானே?"

"அவனுக்கு இங்க கருத்து மட்டும்தான்" என்றாள் அக்கா.

உண்மைதான். டென்மார்க்கில் நகராட்சித் தேர்தலில் எனக்கு ஓட்டு இருக்கிறது. அங்கே கருத்துதான் இன்னும் வரவில்லை.

அவர் மனம் தளரவில்லை. என் கையில் தொங்கிய குளிர்கோட்டில் தலைவர் படம் போட்ட பேட்ஜைக் குத்திவிட்டுப் போனார். கோபன்ஹேகன் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, பேட்ஜைக் காட்டி, "இசைக்குழுவா?" என்று ஆர்வமாகக் கேட்டார். சினிமா என்றேன். அரசியல் என்றும் சொல்லிப் பார்த்தேன். "இரண்டில் எது?" என்றார். வரிசை நீளமாக இருந்ததால் இசைக்குழு என்று ஒப்புக்கொண்டேன். வெளியே பனி கொட்டியது. கோட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். என் நெஞ்சின்மேல் தலைவர் கைகூப்பிச் சிரித்தபடி, தன்னை யாரென்றே தெரியாத ஊரிடம் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.