சுவரில் வந்த நீலம்

எனக்கு வாய் நீளம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்காவுக்கு வாயே கிடையாது. எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவளை அண்ணனுக்கு, என்னைத் தம்பிக்கு. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒரு சிற்றூர். மாமனார் இறந்த பிறகு பாகம் பிரித்தார்கள். வீட்டின் நடுவே வெட்டுகல்லால் ஒரு சுவர் எழுந்தது. வடக்குப் பாதி அக்காவுக்கு, தெற்குப் பாதி எங்களுக்கு. கூரையும் இரண்டானது. இரண்டு ஓட்டுக் கூரையும் வந்து சேருகிற பள்ளத்தில், அந்தச் சுவரின் தலைக்கு நேர் மேலே, மழைத் தண்ணீர், எங்கள் பேச்சில் வெள்ளம், வழிந்தோட ஒரு தகரப் பாத்தி வைத்தார்கள்.

சுவர் எழுந்ததில் எனக்கும் அக்காவுக்கும் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அகப்பையால் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் கறிவேப்பிலை வேண்டும் என்று அர்த்தம். மூன்று தட்டினால், கிணற்றடிக்கு வா, பேசணும். நான்தான் அதிகமும் மூன்று தட்டுவேன். அவள் வந்து நின்று, வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு எல்லைப் போராட்டம் வந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று தெற்கே பெரிய கிளர்ச்சி. எங்கள் ஊரிலும் கூட்டம், ஊர்வலம். என் வீட்டுக்காரருக்குச் சந்திப்பில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டிக்கொண்டே பிரசங்கம் செய்வார். அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு அத்தான், நெய்யாற்றின்கரையில் சர்க்கார் குமாஸ்தா. அவருக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. ஒருநாள் முற்றத்தில் வைத்து, "எலே, நீ கொடி பிடிச்சா எனக்க சோறு போவும்" என்றார். "உங்க சோத்துக்காக நான் மலையாளி ஆகணுமா அண்ணே?" என்றார் இவர். அதோடு இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில்கூட ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம். நானும் அக்காவும் மட்டும் நடுவில் சேர்ந்தே உட்காருவோம்.

கோடை முடிகிற நேரத்தில் கைதுகள் அதிகமாயின. இவர் கடையைப் பூட்டிவிட்டு, குழித்துறைப் பக்கம் போகிறேன் என்று மட்டும் சொல்லிப் போனார். எங்கே தங்குகிறார், எப்போது வருவார் என்று தெரியாது. கேட்டதற்கு, "தெரியாம இருந்தா உனக்குக் கள்ளம் சொல்ல வேண்டாமில்லையா" என்றார். நான் இருந்த எரிச்சலுக்கு யாரையாவது கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான், வைகாசிப் பாதியில் வருகிற இடவப்பாதி மழை தொடங்கியது. நாலாம் நாள் எங்கள் பின்னறையில், பொதுச் சுவரில், தரையிலிருந்து இரண்டு முழ உயரத்தில் ஒரு ஈரம். உள்ளங்கை அளவு. மறுநாள் முறம் அளவு. மேலே சுவர் காய்ந்து கிடந்தது, கூரையிலிருந்து சொட்டு ஒன்றும் விழவில்லை. அந்த இடத்துக்கு நேர் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? அக்காவின் அடுக்களை மூலை. மழைக்காலத்தில் அவள் பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது எல்லாம் அங்கேதான். கல்லும் போட்டு ஓடையும் வெட்டியிருந்தாள். நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. என் கல்யாணச் சேலை வைத்திருந்த பெட்டி அந்தச் சுவரோரம்தான் இருந்தது. திறந்து பார்த்தால் அடியில் இரண்டு சேலை பூஞ்சை பூத்துப்போயிருந்தது.

கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். "அக்கா, உனக்க ஓடை உடஞ்சு வெள்ளம் எல்லாம் எனக்க சுவர்ல ஏறுது."

"இல்ல மக்கா, ஓடையில வெள்ளம் கெட்டி நிக்கல்லையே. நேரே வெளியில போவுது."

"அப்போ எனக்க சுவரு தானாட்டு அழுவுதா?"

சாட்சிக்கு ஒரு வழி நானே சொன்னேன். சொன்னபோது என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலக்கி அவள் அந்த மூலையில் ஊற்ற வேண்டும். மூன்று நாள். என் சுவரில் நீலம் தெரிந்தால் அவள் வெள்ளம். தெரியாவிட்டால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவள் தலையாட்டினாள். வாளி வாளியாய் அவள் ஊற்றுகிற சத்தம் இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் காலையில் ஈரத்தின் ஓரம் முழுக்க இளம் நீலமாய் ஒரு கரை.

அன்றைக்கு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். வீட்டுக்காரன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து என்னை வெளியேற்றப் பார்க்கிறாய் என்றேன். சர்க்கார் சோற்றின் கொழுப்பு என்றேன். பிள்ளை இல்லாதவளுக்குப் பக்கத்து வீட்டுச் சுவர்தான் குறியா என்றும் கேட்டேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கும் அப்போது பிள்ளை இல்லை. ஆனாலும் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது அவளுக்குத்தான். மழையையும் பாராமல் பாதித் தெரு முற்றத்தில் வந்து நின்றது.

அக்கா உள்ளே வந்தாள். சுவரைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டிய நீலத்தைப் பார்த்தாள். பிறகு தலையை உயர்த்தி மேலே, மச்சைப் பார்த்தாள். ஆண்டவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். வெளியே நின்ற கூட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள், "செரி மக்கா. எனக்க வெள்ளமாக்கும். இனி அங்க ஊத்தல்லை."

ஜெயித்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள், மத்தியானம் ஆனால், அந்தப் பக்கத்திலிருந்து சுவரில் மூன்று தட்டு கேட்கும். நான் எழும்பவில்லை. நாலாம் நாள் தட்டு கேட்கவில்லை.

தெருவே கேட்கத் தன் மனைவி திட்டு வாங்கியதை அத்தானால் தாங்க முடியவில்லை. மாற்றல் கேட்டு வாங்கி, மாதம் ஒன்று ஆகும் முன் காட்டாக்கடைக்குக் குடிபோனார்கள். சாமான் வண்டியின் பின்னால் அக்கா குடை பிடித்து நடந்து போனதை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் திரும்பிப் பார்ப்பாள், பார்த்தால் வெளியே போகலாம் என்று நின்றேன். அவள் பார்க்கவில்லை, நானும் போகவில்லை.

வடக்குப் பாதி பூட்டிக் கிடந்தது. ஏறிய ஈரம் இறங்க நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன். மழை நின்றது, சுவர் காய்ந்தது. ஐப்பசியில் துலா மழை வந்தது. மூன்றாம் நாள் சுவரில் அதே இடத்தில் அதே ஈரம். அதைச் சுற்றி அதே நீலக் கரை.

நான் அந்தச் சுவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு செம்பு வெள்ளம் ஊற்ற ஆள் இல்லை. துவைகல் காய்ந்துதான் கிடக்கும். பிறகு இது யாருடைய வெள்ளம்?

கோயிலுக்கு ஓடு மாற்றுகிற ஒரு வயசாளி உண்டு. அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஈரத்தைப் பார்க்கவேயில்லை. மழை விட்டு இரண்டு நாள் சுவரைக் காயவிட்டார். பிறகு ஏணி வைத்துக் கூரையில் ஏறிக்கொண்டு, ஒரு குடம் வெள்ளமும் சிரட்டையுமாக உட்கார்ந்தார். ஒரு வரிசை ஓட்டில் சிரட்டை சிரட்டையாய் ஊற்றுவார், நிறுத்துவார். கீழே நான் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். "குளுருதா?" என்பார். "இல்லை" என்றால் அடுத்த வரிசை. காலையில் தொடங்கியது மத்தியானம் தாண்டிப் போயிற்று. கடைசியில் தகரப் பாத்தியில் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் என் கைக்குள் சுவர் குளிர்ந்தது.

பாத்தியை ஒட்டிய ஓட்டைக் கழற்றி உள்ளிருந்து கட்டு ஒன்றை இழுத்துக் கீழே தந்தார். மெழுகுத்துணியில் பொதிந்து, சைக்கிள் டியூபைக் கீறிக் கட்டியது. அந்தக் கட்டைப் பார்த்ததுமே யார் கட்டியது என்று தெரிந்துவிட்டது. அவிழ்த்தால் உள்ளே போராட்ட நோட்டீஸ்கள். ஒன்றைக்கூடப் பிரித்து எடுக்க முடியவில்லை, ஆப்பமாவுபோல் கரைந்து கையோடு வந்தது. பாத்தியின் வழியை அது அடைத்திருந்தது. நிரம்பிய வெள்ளம் கல்லின் இடுக்கு வழியாகச் சுவருக்குள்ளேயே இறங்கி, கீழே எங்கே இளக்கம் கண்டதோ அங்கே வெளியே வந்திருக்கிறது.

"அப்போ நீலம்?" என்று கேட்டேன்.

வயசாளி சுவரைச் சுரண்டிப் பார்த்தார். "கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிச்சப்போ சுண்ணாம்புல நீலம் போட்டியளா?"

போடாமல் யாராவது அடிப்பார்களா? சுவர் பளிச்சென்று இருக்க நானே நாலு பொட்டலம் கரைத்துவிட்டேன்.

"அதாக்கும் இது. எங்க ஈரம் ஏறினாலும் அந்த நீலம் இளகி ஓரத்துல வந்து நிக்கும். அந்தப் பக்கத்து வெள்ளத்துக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்லை."

அவர் கையைப் பிடித்து, கட்டைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். கரைந்த காகிதத்தை எருக்குழியில் போட்டு மிதித்தேன். மறுநாள் காலையில் காட்டாக்கடைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம், அவள் காலில் விழுவதா, முதலில் அழுவதா என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அக்கா கட்டிலில் கிடந்தாள். மஞ்சள் காமாலை. கண், நகம் எல்லாம் மஞ்சள். அத்தான் என்னை உள்ளே விட்டுவிட்டு வெளியே போய் நின்றார். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

"அக்கா, வெள்ளம் உன்னுதில்லை. கூரையிலேருந்து" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"அண்ணைக்கே தெரியும். உனக்க ஆளு ஏணி வச்சு ஏறி அந்தக் கட்டை வைக்கியதை நான் கிணத்தடியில நின்னு பாத்தேன். சுவரைத் தொட்டப்பம் புரிஞ்சு போச்சு."

"பின்ன நீ ஏன் உன்னுதுன்னு சொன்னா?"

மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னாள். "கூரைன்னு சொன்னா நீ அப்பமே ஆளை ஏத்துவா. தெரு முழுக்க நிக்குது. கட்டு கிட்டினா உனக்க ஆளைப் பிடிச்சிட்டுப் போவும். அத்தானுக்க வேலையும் போவும். உனக்க வாயி எனக்குத் தெரியாதா மக்கா?" கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள். "பிறகு தனியா சொல்லலாம்னுதான் தட்டினேன். மூணு நாளு தட்டினேன். உனக்குக் கேக்கல்லை போல."

"கேட்டது, அக்கா" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அழாதே. கட்டு என்னாச்சு? நனஞ்சு போச்சா?"

அந்தக் கட்டுக்காக அவள் வீட்டை விட்டாள், என்னை விட்டாள். முதல் மழையிலேயே அது கூழாகியிருக்கும். அன்றைக்கே யாராவது எடுத்திருந்தாலும் ஒரு எழுத்து வாசித்திருக்க முடியாது.

"இல்லக்கா," என்றேன். "மெழுகுத்துணியில்லா. ஒரு தாளும் நனையல்லை. பத்திரமாட்டு எடுத்து வச்சிருக்கேன்."

"கொள்ளாம், நல்லதாப் போச்சு," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் போய்விட்டாள். அந்த ஐந்து நாளும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். பிற்பாடு எல்லை வரைந்தார்கள். தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின, எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றது. இவர் திரும்பி வந்து, கட்டின் கதையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதெல்லாம் பிறகு.

அவளை உடுத்தி வைக்க ஒரு வெள்ளைச் சேலையை அத்தான் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். பழுப்பேறியிருந்தது, அலசித் தரச் சொன்னார். பின்பக்கம் துவைகல்லுக்குக் கொண்டு போனேன். அங்கே சோப்புக்குப் பக்கத்தில், பாதி தீர்ந்த ஒரு நீலப் பொட்டலம் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. வெறும் தண்ணீரில் அலசி, பழுப்போடேயே காயப்போட்டேன்.