இடைவேளைக்குப் பின் எண்ணிய தலைகள்

இடைவேளை முடிந்து எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும், திரையின் வெளிச்சத்தில் தலைகளை எண்ணுவேன். விநியோகஸ்தரின் பிரதிநிதியாகத் தியேட்டர் தியேட்டராகப் போய், விற்ற டிக்கெட்டும் உட்கார்ந்திருக்கும் கூட்டமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் அப்போது என் உத்தியோகம். அவிநாசியில் ஒரு மாலைக் காட்சியில் கூட்டம் பாதியாகியிருந்தது. மூன்று முறை எண்ணினேன். வெளியே என் முதலாளி, அந்த விநியோகஸ்தர், காத்திருந்தார்.

"எத்தன தல, கண்ணு?" என்றார். சொன்னேன். "மறுக்கா எண்ணிப்போட்டு வா" என்றார்.

மலையாளத்தில் ஓடிய ஒரு படத்தைத் தமிழில் எடுத்திருந்தார்கள்; அன்று ஓடியது அதுதான். அதன் கோவை வட்டார உரிமையை முதலாளி நம்பி வாங்கியிருந்தார். அந்த மலையாளப் படமே கோயமுத்தூரில் ஓடி, பாதி ஊர் அதைப் பார்த்துவிட்டது என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. பாதியில் எழுந்து வந்த ஒரு அம்மாளை அவரே நிறுத்தி, "ஏனுங்கம்மா, படம் நல்லாயில்லீங்களா?" என்று கேட்டார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. கதைதான் தெரியுமுங்களே. அந்தப் படத்துல நடிச்சவரு மொகமே கண்ணுல நிக்குது. இவரப் பாத்தா ஆரோ மாதிரி இருக்குதுங்க."

அதற்குப் பிறகு முதலாளி எந்தப் படமும் வாங்கவில்லை. அலுவலகத்தையும் மூடிவிட்டார்.

இப்போது என் மருமகள் அதே காரியத்தில் இறங்கியிருக்கிறாள். துடியலூரில் எங்கள் வீட்டு மாடியில், நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து, பழைய கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை உரிமை வாங்கிப் புதிதாகச் செய்கிறாள். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் மணிக்கணக்கில் ஆடிய, கோட்டையைப் பிடிக்கும் விளையாட்டு. இது விற்கவில்லையென்றால் அவளும் என் மகனும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். தெரிந்த கதையை மறுபடி யார் வாங்குவார்கள் என்று கேட்டேன். "இதோட ஒம்பதாவது தடவையாக் கேக்கறீங்க மாமா" என்றாள். பதினொன்று. நான் திருத்தவில்லை.

சென்ற ஞாயிறன்று, அந்தக் காலத்தில் அதை ஆடியவர்களை ஆடிப்பார்க்க வரவழைத்தாள். நாற்பதை ஒட்டிய எட்டுப் பேர். நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரமாகியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்ததே அவர்களுக்குக் குஷியாக இருந்தது. படத்தில் வேறொருவர் வந்து நின்றதுதான் அந்த அவிநாசி அம்மாளுக்கு ஒட்டவில்லை. இங்கே அன்றும் இன்றும் கதாநாயகன் இவர்களேதான் என்று பட்டது. மனம் கொஞ்சம் இளகிய நேரத்தில், பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

"ஏனுங்க, கோட்டைக்குப் பின்னால செவுத்துல ஒரு ஓட்டை இருக்குமே. பூந்து தப்பிச்சுருவமே. எங்கீங்க?"

"அது பழசுல இருந்த தப்புங்கண்ணா. அடச்சுட்டோம்."

"அட, அத ஏனுங்கம்மணி அடச்சீங்க? அதுதானுங்க எங்க வழியே."

மற்ற ஏழு பேரும் கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவிநாசியில் எங்களால் செய்ய ஒன்றும் இருக்கவில்லை; பெட்டியில் வந்த படம் வந்தபடிதான். இவளுக்கு வழியிருந்தது. "மறுபடி ஒடச்சுப்போடறனுங்க" என்றாள். சிரித்துக்கொண்டே மறுபடி ஆடத் தொடங்கினார்கள்.

வெளியீட்டுக்கு நான்கு நாள்தான். ஒரு ஓட்டையைத் திறக்கப்போய் வேறெங்கே விரிசல் விடுமோ? இன்னும் எந்தெந்தத் தப்பையெல்லாம் சரிசெய்து தொலைத்திருக்கிறார்களோ? எட்டுப் பேரைக் கேட்டாயிற்று. வாங்கி ஆடப்போகும் மற்றவர்களை யார் கேட்பது? அவர்கள் பாதியில் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. எல்லோரும் அவரவர் வீட்டில் அல்லவா உட்கார்ந்திருப்பார்கள்.