மேனேஜர் வயிற்றில் ஒரு நூல்

தெருவில் அவளை எல்லோரும் டெய்லரக்கா என்றே கூப்பிடுவார்கள். எவ்வளவு விலை உயர்ந்த துணியானாலும் கை நடுங்காமல் கத்தரி போடுவாள். ஆனால் ஊசி போடும் இடம் என்றால் வாசலோடு திரும்பிவிடுவாள். காய்ச்சல் வந்தால் வெந்நீரைக் குடித்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிற ரகம். அப்பேர்ப்பட்டவள் அன்று காலை மேனேஜரைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, பூனை நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்குக்குத் தனியாகப் போனாள்.

மேனேஜர் அவளுடைய பெண் பூனை. வெட்டிப் போட்ட துணிமேல் ஏறி உட்கார்ந்து, தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல் அடுத்தவர் வேலையை மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். கடைசியாகப் போட்ட குட்டிகள் எல்லாமே வாசல் ரோட்டில் அடிபட்டுச் செத்தன. வெட்டு மிச்சத் துணியில் அவற்றைச் சுற்றிப் புதைத்தவள் இவள்தான். இன்னொரு தடவை என்னால் ஆகாது என்று கருத்தடை ஆபரேஷனுக்கு முடிவு செய்தாள். அந்த வீட்டில் அவளாக எடுத்த முடிவு இது ஒன்றுதான்.

வெளியூருக்கு லாரி ஓட்டும் கணவர் போனில் சலித்துக்கொண்டார். "நல்லாத்தானே சுத்திட்டு இருக்கு? அது வயித்தைப் போய் எதுக்குக் கிழிக்கணும்? ஏதாவது ஆச்சுன்னா உன் தலையிலதான் விடியும், சொல்லிட்டேன்."

மனுஷன் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டரம்மா பூனையின் கழுத்தில் புனல் மாதிரி ஒரு பட்டையை மாட்டி, "நக்க விடாதீங்க, குதிக்க விடாதீங்க, அடுத்த வாரம் தையல் பிரிச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்.

மேனேஜர் வீட்டில் அரை மயக்கத்தில் மல்லாந்து கிடந்தது. பூனை பிழைத்து வந்துவிட்ட தெம்பில் டெய்லரக்காவும் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெளிச்சத்தில் மழித்த வயிறு பளிச்சென்று தெரிந்தது. தையல் வரிசை. அதில் ஒரு நூல் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

தன் கழுத்தில் நாடா கட்டி எப்போதும் தொங்கும் குட்டிக் கத்தரியைக் கை தானாக எடுத்தது. பிசிறு நின்றால் லேசாக இழுத்து, துணியை ஒட்டி நறுக்க வேண்டும். அதுதான் சுத்தமான வேலை. இத்தனை வருஷமாக அந்தக் கை அப்படியே பழகியிருந்தது.

நறுக்.

நூல் முடிச்சோடு சேர்ந்து விரலில் வந்தது. மேனேஜர் ஈனமாக ஒரு சத்தம் போட்டது. வயிற்றுத் தோல் அந்த இடத்தில் மெல்ல வாயைத் திறந்தது.

ஐயோ, என்ன காரியம் செய்தேன்! துணியில் ஒரு தையல் விட்டால் மற்றதெல்லாம் வரிசையாக விட்டுக்கொண்டே போகும் என்பது அவளுக்குத் தெரியும். குடல் வெளியே வந்துவிடுமோ? கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. துவைத்த துணி ஒன்றை வயிற்றில் வைத்து அழுத்திப் பிடித்தபடி மேனேஜரைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். செருப்புக்கூடப் போடவில்லை. உள்ளங்கைக்குக் கீழே அந்தச் சின்ன வயிறு ஏறி இறங்குகிறதா என்றுதான் வழி முழுக்க அவளுக்குப் பயம்.

டாக்டரம்மா ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். உதவிக்கு இருக்கும் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பூனையே தையலைக் கடிச்சிருச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மானம் தப்பும். பொய்யைச் சொல்லி, அதை வைத்து வைத்தியம் தப்பாகப் போய்விட்டால்?

"நான்தாம்மா வெட்டுனேன். நூல் நீட்டிட்டு இருந்துச்சு... என் பாழாப்போன கை."

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு விளக்கைக் கிட்டே இழுத்தார். "உள்ளே தனியா ரெண்டு அடுக்கு தையல் போட்டிருக்கேன். அது கெட்டியா இருக்கான்னு பார்க்கணும். பிடிச்சுக்க ஆளில்லை. நீங்கதான் பிடிக்கணும்."

"ஊசின்னா எனக்கு..."

"கண்ணை மூடினா பிடி நழுவிடும், அக்கா. பார்த்துட்டே பிடிங்க."

பார்த்துக்கொண்டே பிடித்தாள். மரத்துப்போகச் செய்யும் ஊசி இறங்கியபோது உடம்பு வெடவெடத்தது, கை மட்டும் அசையவில்லை. டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்த நேரம் முழுக்க அவளுக்கு மூச்சே வரவில்லை.

"உள்ளே ஒண்ணும் ஆகலை. மேல்தோல்தான்."

புதிதாக ஒரே ஒரு தையல். முடிச்சுக்கு மேலே நூல் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நின்றது. "பிரிக்கும்போது பிடிச்சு இழுக்க வேணும்னுதான் நீளமா விடறது" என்றார் டாக்டரம்மா.

டெய்லரக்காவின் வலது கை அதற்குள் கழுத்து நாடாவுக்குப் போயிருந்தது. அதைக் கண்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். கத்தரியை நாடாவோடு கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"தையல் பிரிக்கிற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்மா. என்னை நம்பி இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகமாட்டேன்."

அந்த வாரம் துணி வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னக்கா இது? உங்க வேலையில போய் இப்படி நூல் தொங்குது?"

டெய்லரக்கா மெஷினை நிறுத்தி, மூலையில் புனலோடு தூங்கும் மேனேஜரின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள்.

"தொங்கட்டும்" என்றாள்.