மாசிலாமணியின் கணக்கும் ரஞ்சிதத்தின் சிறுநீரகமும்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற மாசிலாமணிக்கு, மனிதர்களின் நல்ல குணம் அத்தனைக்கும் காரணம் தெரியும். தம்பிக்குக் கொடுக்கிறோமா, பாதி மரபணு நம்முடையது. பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோமா, நாளைக்குத் திரும்பி வரும். அன்பு என்பது பரிணாமம் போட்ட கணக்கு, மற்றதெல்லாம் மேடைப்பேச்சு.

இந்தச் சித்தாந்தத்துக்கு ஒரே ஓர் உறுப்புதான் எதிரி. அது அவருடைய வலது அடிவயிற்றில் இருந்தது.

கொடுத்தவர் மனைவி ரஞ்சிதம். மரபணு உறவு பூஜ்யம். பிள்ளைகளும் இல்லை. மருத்துவமனைக் குழு ‘ஏன் கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டதற்கு, “எனக்கு ரெண்டு இருக்குல்ல” என்றார். குழு ஏற்றது, மாசிலாமணி ஏற்கவில்லை. பிறகு விவரமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டார். ஆறாம் ஆண்டில் ரஞ்சிதம் மாரடைப்பில் போய்விட்டார். சிறுநீரகம் மட்டும் தங்கிவிட்டது.

அது இன்னும் ரஞ்சிதத்தின் பேச்சைத்தான் கேட்டது. ரஞ்சிதம் சீனியில்லாத தே-ஓ, அதாவது பாலில்லாத தேநீர், குடித்துவந்த நான்கு மணிக்கு இவருக்குத் தொண்டை வறளும். சீனியில்லாமல் எதையும் குடித்தறியாத மனிதர், சீனியில்லாத தே-ஓ கேட்பார். உயிரியலில் இதற்கு இடமில்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

தேக்கா உணவங்காடியில் எதிர் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பொட்டலம் வைப்பார். டிஷ்யூ இருந்தால் ஆள் வருகிறார் என்று அர்த்தம். சிங்கப்பூரில் யாரும் உட்கார மாட்டார்கள். இரண்டு ஆண்டுகளாக ஆள் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாட்டுக்கு வந்து பத்தே நாளான துவாஸ் கப்பல்பட்டறைத் தொழிலாளி இளமாறன் பரோட்டாத் தட்டோடு அங்கே உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து முகம் துடைத்தார்.

“தம்பி, அங்க ஆள் இருக்கு லா.”

“கடைக்காரங்க வச்சதுன்னு நெனச்சேன் சார். யாரு வர்றாங்க?”

“என் சம்சாரம்.”

“எப்ப வருவாங்க?”

மாசிலாமணி தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். பிறகு, முதல்முறையாக, எல்லாவற்றையும் சொன்னார்.

“அவ ஏன் குடுத்தான்னுதான் தெரியல.”

“அதான் சொல்லிட்டாங்களே சார், ரெண்டு இருக்குன்னு.”

“அது காரணம் இல்ல தம்பி.”

“அவங்களுக்குப் போதுமா இருந்திருக்கு. வாத்தியாருக்குத்தான் பத்தல.”

இளமாறன் எழுந்து, பொட்டலத்தின் வாயை மடித்து நாற்காலியின் நடுவில் வைத்தார். இடம் தேடி வந்த ஒரு பெண்மணியை “ஆள் இருக்காங்கக்கா” என்று அனுப்பிவிட்டு, பரோட்டாவை நின்றபடியே தின்றார்.

இந்தத் தம்பி ஏன் நிற்கிறார் என்று மாசிலாமணி கணக்குப் போட்டார். உறவு பூஜ்யம். திரும்பி வரும் வாய்ப்பு பூஜ்யம். மெச்ச அந்த நாற்காலியில் ஆளும் இல்லை.

மணி நான்கு. தனக்கு ஒன்றும் இளமாறனுக்கு ஒன்றுமாக தே-ஓ வாங்கிவர எழுந்தார்.

“ஏன் குடுக்கறீங்க?” என்று அடிவயிற்றிலிருந்து யாரோ கேட்டது போலிருந்தது.