ஆப் காட்டிய அந்த ஒருவர்

தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மகன் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஊரடங்கு போட்டுவிட்டார்கள். கணவர் ராஜபாளையத்தில் மில் விடுதியில் மாட்டிக்கொண்டார். மகனைப் போனில்தான் பார்த்தார். பைக்கில் வந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. அதுதான் எனக்கு எரிச்சல். துபாயில் இருந்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

மில்லில் எல்லோரும் அரசாங்கத்தின் கொரோனா ஆப் வைத்திருக்க வேண்டும். பச்சை காட்டினால்தான் வேலைக்கு விடுவார்கள். கணவர் என்னையும் போடச் சொன்னார், போட்டேன். அதே ஆப் வைத்திருப்பவர் யாராவது நம் பக்கத்தில் வந்து போனால் அது எண்ணிக் காட்டும்.

எங்கள் தெருவில் அதற்கு இருந்த மரியாதையைச் சொல்லி மாளாது. வேவு பார்க்கிறது என்றார்கள். அப்பா பால்கோவா கிண்டுகிறவர். அவருக்கு வேறு பயம்.

"ஏட்டி, அது ஒருக்கா செவப்பு காட்டுச்சுன்னா தெருவுக்கே தகரம் அடிச்சிருவாக. பொறவு பாலை எங்க கொண்டு போயி ஊத்த?"

அம்மா இன்னும் ஒரு படி மேலே. நான் அசந்த நேரம் பார்த்துப் போனை முறுக்குச் சம்படத்தில் போட்டு மூடிவிடுவாள். எவர்சில்வருக்குள் இருந்தால் அதற்குக் கண் தெரியாதாம். கணவர் கூப்பிடும்போதெல்லாம் சம்படம்தான் உறுமும்.

தெருவில் வேறு யாரிடமும் அந்த ஆப் இல்லாததால், என்னுடையது தினமும் ஒரே பாட்டைப் பாடியது: பக்கத்தில் யாரும் வரவில்லை. அவர் இன்றைக்கும் வரவில்லை என்றுதான் எனக்கு அது கேட்டது.

பிறகு விடுதியில் கணவரோடு அறையில் இருந்தவருக்குக் காய்ச்சல் கண்டது. கணவருடைய ஆப், தொற்று இருக்கலாம் என்று மஞ்சளுக்கு மாறியது. "மாப்ள இப்பதைக்கு இந்தப் பக்கம் வர வேண்டாம். அவியகிட்ட நீயே சொல்லிரு" என்றார் அப்பா. பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன மறுத்துப் பேச? சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். பிள்ளையின் காதையும் மூக்கையும் அவர் முகத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அப்படி ஒரு ஏக்கம். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஆப்பைத் திறந்தேன். பக்கத்தில் வந்தவர், ஒருவர். மத்தியானம், பின்கட்டில் அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டிய நேரம். போன் அன்று சம்படத்துக்குத் தப்பி அடுக்களை ஜன்னலில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சந்து.

"காய்கறிக்காரரா இருக்கும்" என்றார் அப்பா. காய்கறிக்காரர் வைத்திருப்பது பட்டன் போன். அதில் ஆப் எங்கே வரும்?

விளக்கு வைத்த பிறகு கணவர் கூப்பிட்டார்.

"மத்தியானம் இங்க வந்தியளா?"

"நான் எங்க வர? கேட்டைத் தாண்ட விட மாட்டேங்காக."

"ஆப்பு காட்டுதே."

"அது கெடக்கு, எதையாவது காட்டும்."

ஊர் பேசியதுதான் சரி, இதைப் போய் நம்பினோமே என்று என் மேலேயே கோபம் வந்தது. போனை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளைக்கு வெந்நிய அம்புட்டுச் சூடாவா ஊத்துவாக? அந்த அழுகை அழுதானே."